கழிக்க வேண்டிய தாமதம்

மகள் பதில் சொல்லத் தாமதிக்கிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பால்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், காலையில் அவள்தான் பாத்திரத்தோடு போய்க் கதவைத் திறந்தாள். எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டாம் முறை கேட்க வாயெடுத்தபோது, "ஏக் லிட்டர்" என்றாள். பாலை ஊற்றியவர் அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, மகள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாயி, பேட்டி டீக் ஹை நா?"

"டீக் ஹை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்த ஆண்டு மழை தொடங்கிய நாட்களில் தாதர் ஸ்டேஷனில் அவள் விழுந்தாள். மாலைக் கூட்டம். பெண்கள் பெட்டியில் ஒரு காலை வைத்தபோது, உள்ளிருந்து இறங்கியவர்கள் தள்ளியதில் பின்பக்கமாகப் பிளாட்பாரத்தில் விழுந்து பின்னந்தலை கல்லில் அடிபட்டது. வண்டி இன்னும் கிளம்பாமல் நின்றிருந்ததால் பிழைத்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததுபோல் தினமும் கண்ணில் வருகிறது. இதை எழுதும்போதுகூட மாட்டுங்கா பக்கம் ரயில் ஊதினால் என் கை நின்றுவிடுகிறது.

டாக்டர், எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது, மூளை ஓய்வு கேட்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் படித்தது எதையும் மறக்கவில்லை. கணக்குப் பிசகவில்லை. பாட்டு பிசகவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மட்டும் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் 'மந்தம்' என்ற சொல் மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. நான் அருகில் வந்தால் அது நின்றுவிடும்.

அந்த இடைவெளி வேறு யாருக்கு வந்திருந்தாலும் வேலைக்குப் பெரிய கெடுதல் இருந்திருக்காது. அவள் பார்த்த வேலைக்கு வந்ததுதான் சோதனை.

அவள் பி.எஸ்ஸி. பௌதிகம். செம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கடிகாரப் பிரிவில் இருந்தாள். அங்கே ஒரு குளிர்ந்த அறையில் படிகத்தால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அது எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று பார்ப்பதுதான் பிரிவின் வேலை. முன்பெல்லாம் டெல்லியிலிருந்து வரும் சிற்றலை நேரக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி வருகிறது. இன்று வந்த வழியில் நாளை வராது, ஆகவே வரும் நேரமும் மாறும். செயற்கைக்கோள் அனுப்பும் குறி அப்படியல்ல. நேராக வருகிறது. கோள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் குறி வந்த தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் அவள் எங்களுக்குச் சொன்னது விபத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் இரும்புச் சாமான் கடை. அவர் வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாக. அட்லாண்டிக் கடலின் இரண்டு கரைகளிலும் உள்ள கடிகாரங்களைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று மகள் சொன்னதும் அவர் நிமிர்ந்தார்.

"ஏன், போன் போட்டு மணி என்னன்னு கேட்டா சொல்ல மாட்டானாக்கும்?"

"கேக்கலாம்ப்பா. அவன் ஏழுன்னு சொல்லுதது இங்க வந்து சேருததுக்குள்ள ஏழு தாண்டிரும்லா."

"எவ்ளோ தாண்டும்? கண்ணு சிமிட்டுத நேரமா?"

"அவ்ளோ தாண்டிச்சுன்னா எங்க வேலையே பாழு."

"கேட்டியா டீச்சர்! நம்ம லாரிக்காரன் நாளைக்கு வாரேம்பான், அடுத்த வாரம் வருவான். இவளுக்குக் கண்ணு சிமிட்டுததே ஜாஸ்தியாம்."

மகள் சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். "எம்மா, இங்கேருந்து ஒரு குறி அங்க போகும். அதே நேரத்துல அங்கேருந்து ஒண்ணு இங்க வரும். மத்தவங்க குறி எப்ப வந்துச்சுன்னு ரெண்டு பேரும் எழுதிக்கணும். போறதுக்கும் வாரதுக்கும் ஒரே வழிதானே? வழியில எவ்ளோ நேரம் போச்சுன்னு தெரியவே வேண்டாம். ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிச்சா அது ஓடிப் போயிரும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு சமன்பாடு, இரண்டிலும் ஒரே தெரியாத எண். எட்டாம் வகுப்புப் பாடத்தை வானத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவளுடைய கூடத்தில் குறி அனுப்பும் வசதி கிடையாது, கேட்கும் வசதி மட்டும்தான். அதனால் ஒவ்வொரு தாமதத்தையும் தனித்தனியாகத் தெரிந்து கழிக்க வேண்டும். குறி வந்த வழியின் தாமதம், வாங்கும் கருவியின் தாமதம், கடைசியாக ஆளின் தாமதம். மொட்டைமாடியில் ஆண்டெனா. கீழே ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், தந்தி ஆபீசில் இருப்பதுபோல் ஒரு சாவி. செயற்கைக்கோள் அடிவானத்தில் ஏறி மறுபக்கம் இறங்குவதற்குள் அதன் ஒலிக்கு நடுவே அவ்வப்போது ஒரு நேரக்குறி வரும். அது காதில் விழுந்ததும் சாவியை அழுத்த வேண்டும். ஓடும் காகிதப் பட்டையில் ஒரு பேனா கடிகாரத்தின் நொடிகளைக் குத்திக்கொண்டு போகும், இன்னொரு பேனா சாவி அழுத்தியதைக் குத்தும். பலமுறை அழுத்திச் சராசரி எடுப்பார்கள். இதைத் தானாகவே செய்யும் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை காதும் கையும்தான்.

அந்த நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் அதில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

லீவு முடிந்ததும் நானும் அவளுமாகப் போய் அதிகாரியைப் பார்த்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பல காலமாகப் பம்பாய்வாசி. எங்களை உட்காரவைத்து டீ சொன்னார்.

"வேலை எங்கேயும் போகாது. அதைப் பத்திக் கவலைப்படாதீங்கோ. ஆபீஸ்ல ஃபைல் பார்க்கற இடத்துல போட்டுடறேன். அதே சம்பளம். நிம்மதியா இருக்கலாம். மழை முடிஞ்சதும் வெளிநாட்டு நிலையம் ஒண்ணோட சேர்ந்து ஒரு சோதனை பண்ணப்போறோம். அவா அங்கே கேட்கறச்சே நாங்க இங்கே அதே கோளைக் கேட்கணும். அதுக்கு இப்ப..."

"வேண்டாம் சார்" என்றாள் மகள்.

ஃபைல் வேலைக்குச் சொன்ன பதில் அது. சோதனையைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் வந்து விழுந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொல்ல வந்ததை அந்த ஒரு வார்த்தையே நிரூபித்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"எவ்வளவு நாள் தருவீங்க?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசிவரை. அதுக்குமேல வேற ஆளைப் பழக்கணும்."

பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சரியாகிவிட்டது என்று எண்ணாலே காட்டிவிட வேண்டும்.

பள்ளி விளையாட்டு மாஸ்டரிடம் ஸ்டாப் வாட்ச் இரவல் வாங்கினேன். ரேடியோவில் செய்திக்கு முன் பீப், பீப் என்று நேரக்குறி வருமே, அதில் முதல் பீப்புக்கு மகள் வாட்சை ஓடவிட வேண்டும், கடைசிப் பீப்புக்கு நிறுத்த வேண்டும். முதல் நாளே முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மறுநாளும் அப்படியே. தமிழ்ச் செய்தி, ஹிந்திச் செய்தி, இங்கிலீஷ் செய்தி என்று எதையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பார்.

"இன்னைக்கு எப்படி?"

"சுத்தமா நிக்கி. பிசகே இல்ல."

"அப்ப அந்த ஆளுகிட்ட போய்ச் சொல்லு. வாட்சையும் கொண்டு போ. மேசையில வச்சுட்டு என்னா சொல்லுதீருன்னு கேளு."

"எப்பா, அம்மா என்ன சண்டைக்காப் போறாங்க?" என்றாள் மகள், அவர் கையலம்பப் போன பிறகு.

அடுத்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாற்காலி இருந்த அறையிலேயே அதிகாரியைப் பிடித்து, செய்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த என் மகளின் வலது கையைப் பார்த்தார்.

"பாட்டு கத்துண்டிருக்காளா?"

"ஏழு வயசுலேருந்து."

"அதான். ரேடியோ பீப் ஒரே சீரா வர்றது. ரெண்டு பீப் கேட்டதுமே காலப்பிரமாணம் பிடிபட்டுடும். அப்புறம் அவ காதால கேட்டு அழுத்தலை. தாளம் போடறா. சத்தம் வர்ற இடத்துல கை முன்னாடியே போய் உட்கார்ந்துண்டுடறது. நம்ம மாட்டுங்கா சபாவுல யாரை வேணா கூப்பிட்டு இந்த வாட்சைக் கொடுங்கோ, முக்கால்வாசிப் பேர் பாஸ் பண்ணிடுவா."

மகள் தொடையின் மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"சரி, தாளமே தெரியாதுன்னு வெச்சுக்குவோம். முதல் பீப்புக்கு லேட்டா அழுத்தறா. கடைசிப் பீப்புக்கும் அதே அளவு லேட்டா அழுத்தறா. வாட்ச் என்ன காட்டும்? கழிஞ்சு போயிடுமோல்லியோ? நீங்க கணக்கு டீச்சராச்சே?"

எந்தச் சமன்பாட்டைப் பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமை பூரித்தேனோ அதையே என் மகள் விஷயத்தில் பார்க்கத் தவறியிருந்தேன். பெற்றவளின் பதற்றத்தில் கணக்கு எங்கே நிற்கும்? எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எழுந்து போனால் அடுத்தது ஃபைல் அறைதான்.

"அப்ப தாளம் இல்லாமச் சோதிச்சுப் பாருங்க. இப்பவே" என்றேன்.

அவர் தயங்கினார். "அம்மா, எண் மோசமா வந்தா அவ மனசு உடைஞ்சு போயிடும்."

அதற்குள் மகள் போய் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் குட்டையாகத்தான் இருந்தது. ஹெட்ஃபோனின் பட்டை அந்த இடத்தில் அழுத்தாதபடி சற்று முன்னால் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அதிகாரி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு மேசையில் நின்று ஒலிக்கருவியின் பித்தானைத் தட்டினார். ஒன்று தட்டிச் சும்மா இருப்பார். அடுத்தடுத்து இரண்டு. பிறகு நாங்கள் மூச்சுவிட மறக்கும் அளவுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று. காகிதப் பட்டை ஓடியது. அவர் தட்டியதை ஒரு பேனா குத்தியது. மகளின் பேனா அதற்குப் பின்னால் குத்தியது. ரொம்பப் பின்னால். அருகில் நின்ற எனக்கு வெறும் கண்ணாலேயே அது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பிந்தியது.

அவர் பட்டையைக் கிழித்து மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து அளந்தார். சுவரில் இருந்த கரும்பலகையில் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் நேரே அவரவர் தாமதம் சாக்பீஸால் எழுதியிருந்தது. என் மகளின் பழைய எண் இன்னும் அழிக்கப்படவில்லை. எல்லாரையும்விடச் சிறிய எண் அவளுடையதுதான்.

"அரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் அவர். "பழசைவிட ரெண்டு மடங்குக்கு மேல."

முடிந்தது என்று நினைத்தேன். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மகள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவருடைய வார்த்தை அவளுக்குள் போய்ச் சேர்வதற்காக நாங்கள் காத்திருந்தோம்.

"எவ்ளோ மாறுது சார்?" என்று கேட்டாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவள் பட்டையைக் காட்டினாள். "லேட்டு சரி. ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ மாறுது?"

அவர் மறுபடி குனிந்தார். இந்த முறை நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து கீழே எழுதிக்கொண்டே போனார். எழுதியதன் மேல் விரலை ஓட்டினார். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பழைய பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது இங்கே இருக்கற ஒரு பையனோடது. அவன் ரொம்ப வேகம். ஆனா ஒரு தடவை பட்டுனு அடிப்பான், இன்னொரு தடவை டீ குடிச்சுட்டு வந்து அடிப்பான். உங்க பொண்ணோடது எல்லாம் ஒரே இடத்துல விழறது."

"அப்ப கழிச்சிரலாமே சார்" என்றாள் அவள்.

இப்போது எனக்கும் புரிந்தது. அந்த அறையில் தாமதம் இல்லாத ஒன்றும் கிடையாது. குறி தாமதமாகத்தான் வருகிறது, கருவி தாமதமாகத்தான் கொடுக்கிறது. எவ்வளவு என்று தெரிந்து, அது நிலையாகவும் இருந்தால், கழித்துவிடுகிறார்கள். தெரியாததும் மாறிக்கொண்டே இருப்பதும்தான் அவர்களுக்குத் தொல்லை. இவ்வளவு நாளும் நான் அவள் வேகத்தைத் திருப்பிக் கொண்டுவரப் பாடுபட்டேன். அவர்களுக்கு அந்த வேகமே தேவையில்லை.

அதிகாரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னிக்கு நிலையா இருக்கு. காயம் ஆறிண்டு வர்ற தலை. நாளைக்கு மாறாதுன்னு யார் சொல்றது?"

"தினமும் சோதிங்க" என்றேன். "ஒவ்வொரு தடவையும் கோள் வாரதுக்கு முன்னாடி சோதிங்க. மாறியிருந்தா அன்னைக்கு உள்ள எண்ணைப் போடுங்க. தாறுமாறா வந்தா உக்கார வைக்காதீங்க."

"நானே எந்திரிச்சிருவேன்" என்றாள் மகள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, "டீச்சர், நீங்க ஒரு தடவை உட்காருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன். ஹெட்ஃபோன் காதை இறுக்கியது. அவர் தட்ட, நான் அழுத்தினேன். என் பட்டையைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம். ஓர் இடத்தில் சத்தமே வராமல் நானாக அழுத்தியிருந்தேன்.

"உங்களுக்கு இங்கே வேலை கிடையாது" என்றார். நானும் சிரித்தேன். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு மகள் சிரித்தாள்.

மாதக் கடைசிவரை சோதித்துப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டார், அன்றிலிருந்து தினமும் அவள் வேலைக்குப் போனாள். நானும் பள்ளி விட்டதும் செம்பூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கூடத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சைத்தாள்களை அங்கேயே திருத்தினேன். எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. ஒருநாள் தலைவலியோடு போனாள். சோதனைப் பட்டையை அவளே அளந்து பார்த்து, "இன்னைக்கு முடியாது சார்" என்று எழுந்துவிட்டாள். மறுநாள் போகாமல் இருந்துவிடுவாளோ என்று நான் பயந்தேன். வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினாள்.

மாதக் கடைசியில் அதிகாரி பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார். கரும்பலகையில் எல்லாரையும்விடப் பெரிய எண் அது. மகள் அதைத் தன் டயரியில் குறித்துக்கொண்டாள்.

வெளிநாட்டு நிலையத்தோடு சேர்ந்து செய்யும் சோதனை நாள் மாலை வானம் வெளுத்திருந்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் பெஞ்சிலிருந்து அவள் தோளும் சாவிமேல் இருந்த கையும் எனக்குத் தெரிந்தன. செயற்கைக்கோள் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஹெட்ஃபோனுக்குள் அவள் கேட்டது என் காதுக்கு எட்டவில்லை. அவள் விரல் இறங்குவதும் ஏறுவதும் மட்டும் தெரிந்தது. பதற்றமில்லை, தாளமும் இல்லை. எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்தபோது என் கையிலிருந்த சிவப்புப் பென்சில் உடைந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து கணக்கு வந்து சேரப் பல வாரம் ஆயிற்று. அவளுடைய எண்ணைக் கழித்துப் பார்த்ததில் இரண்டு நிலையங்களும் அவர்கள் எதிர்பார்த்த எல்லைக்குள் ஒத்துப்போயின என்று அதிகாரி சொன்னார். அன்று அவர் டீயோடு பக்கோடாவும் வரவழைத்தார்.

தானாக இயங்கும் கருவி வந்தால் அந்தச் சாவிக்கு வேலை இருக்காது. அதையும் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மகள் இப்போதே புத்தகம் வாங்கிப் படிக்கிறாள். அவள் பதிலில் இடைவெளி இன்னும் இருக்கிறது. கரும்பலகையில் எண் ஒருமுறை கொஞ்சம் குறைந்தது, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. பெஞ்சில் போய் உட்காருவதை நான் விட்டுவிட்டேன். அவள்தான் விடச் சொன்னாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் மட்டும் கூடப் போகிறேன். அதுவும் வேண்டாம் என்கிறாள்.

"எம்மா, எல்லாரும் பாக்காங்க. நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.